ஆயில் போகும் வழி

எஞ்சின் ஆயில் குறைகிறது என்று வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு? திருவண்ணாமலையில் வாடகைக்கு ஓடும் பழைய டர்போ டீசல் கார்க்காரர்களிடம் இதைக் கேட்டால், "நல்லா துன்னுதுண்ணா" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அளவு தெரியாமல் பட்டறைக்குப் போகும் வண்டிக்கு அங்கே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: டர்போ போச்சு, இல்லாவிட்டால் ரிங் போச்சு. இரண்டுமே பல ஆயிரம் ரூபாய் வேலை. தவணை கட்டி ஓட்டுகிறவர்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் சவாரியை நம்பி இருக்கிறவர்கள், அந்தப் பணத்தைக் கடனாகத்தான் புரட்ட வேண்டும். மாற்றிய பிறகும் ஆயில் குறைந்தால் அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது அதனால்தான்.

*

அளப்பது. சமமான தரை வேண்டும். ஓடி நின்ற வண்டி என்றால் பத்து நிமிடமாவது விட வேண்டும். மேலே ஹெட்டில் தங்கிய ஆயில் அடியிலுள்ள சேம்பருக்கு வடிய நேரம் ஆகும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் பார்ப்பது இன்னும் நல்லது. எப்போது பார்த்தாலும் அதே இடம், அதே நேரம். இன்றைக்கு வீட்டு வாசலிலும் நாளைக்குச் சரிவான சாலை ஓரத்திலும் ஆயில் மட்டம் காட்டும் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் இல்லாத நோய் தெரியும், இருக்கிற நோய் மறையும்.

ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஊற்றி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், மில்லி கோடு போட்ட பாட்டிலால் மறுபடி அதே மேல்கோடு வரை ஊற்ற வேண்டும். ஊற்றிய அளவுதான் குடித்த அளவு. நடுவில் "கொஞ்சம் ஊத்தி வைப்போம்" என்று கையில் கிடைத்த டப்பாவிலிருந்து ஊற்றினால் கணக்கு கெட்டுவிடும். அவசரத்துக்கு ஊற்றியே ஆக வேண்டுமென்றால் அதையும் அளந்து எழுத வேண்டும். வாடகை வண்டிக்காரர்களுக்கு ட்ரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எழுதும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அந்தத் தாளின் ஓரமே போதும்.

மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவது சேமிப்பு அல்ல. மட்டம் மிக ஏறினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். அந்த நுரை, சேம்பர் வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் வழியாகப் போய் எரியும். அதிகமாக ஊற்றியதாலேயே ஆயில் அதிகமாகக் குறையும் வண்டிகள் உண்டு.

*

எவ்வளவு குறைந்தால் நோய்?

கையேடுகள் பலவற்றில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை இயல்பு என்று போட்டிருக்கும். சிலவற்றில் அரை லிட்டர். வாரண்டித் தகராறு வராமல் இருக்க எழுதப்பட்ட எல்லை அது. அதை ஆரோக்கியத்தின் எல்லையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று நம் சாலைகளில் எத்தனையோ கார்களில் இருக்கும் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி எஞ்சின். அதன் மொத்த ஆயிலே சுமார் 3 லிட்டர்தான். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. அந்த எஞ்சினில் டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பது ஆயில் பிரஷர். ஆயில் குறைந்து செயின் தளர்ந்து பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். 2005 முதல் 2016 வரை விற்ற பழைய இன்னோவாவின் 2.5 டி4டி எஞ்சினோ ஏழு லிட்டரை ஒட்டி ஆயில் பிடிக்கும். ஒரே இழப்பு, இரண்டு வண்டியில் இரண்டு விதமான ஆபத்து.

என் கணக்கு இப்படி: இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி ஆயிரத்துக்குக் கால் லிட்டர் வரை கேட்டால் ஊற்றி ஓட்டலாம், எழுதிக்கொண்டே. அரை லிட்டர் என்றால் தேட வேண்டும். ஒரு லிட்டர் என்றால் காரணம் தெரியும்வரை வெளியூர் சவாரி வேண்டாம்.

*

இந்த ஊரின் ஓட்டம் எஞ்சினுக்குத் தனி வகை.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 200. அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் ஓடிவந்த வண்டி, ஊருக்குள் நுழைந்ததும் ஊர்கிறது. பிறகு நிற்கிறது. சவாரிக்காரர்கள் தரிசனத்துக்குப் போக, முடியாத பெரியவர் ஒருவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்காக ஏசி ஓடும், ஏசிக்காக எஞ்சின் ஓடும். கிரிவலம் 14 கிலோமீட்டர். நடப்பவர்கள் திரும்ப நாலைந்து மணி நேரம் ஆகும். அதுவரை ஐடிலில் விட்டுவிட்டுத் தூங்கும் டிரைவர்களைப் பௌர்ணமி இரவில் வண்டி நிறுத்தும் திடல்களில் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சித்திரை வெக்கையில் வேறென்ன செய்வார்கள்?

ஆனால் ஐடிலில் ஓடுவதால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை தவறு. பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டர் போரின் சுவரோடு அழுத்திப் பிடிப்பதில் பெரும்பங்கு எரிந்து விரியும் வாயுவின் அழுத்தத்துக்கு. சுமை இல்லாமல் ஓடும்போது அந்த அழுத்தம் குறைவு. சுவரில் ஆயில் தங்கி, பாதி எரிந்து, வார்னிஷ் போலப் படிகிறது. ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் நிரம்பி, போர் கண்ணாடி போல மழமழப்பாகிவிடும். அதற்குப் பிறகு ரிங் நன்றாக இருந்தாலும் ஆயில் மேலேறும். ரிங் காடிகளில் கரி சேர்ந்து ஆயில் ரிங் இறுகிப்போவதும் இதே ஓட்டத்தில்தான். டர்போவுக்கும் ஐடில் நல்லதல்ல. அதன் சீல் ஆயிலைத் தடுப்பது இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தின் உதவியோடு. பூஸ்ட் இல்லாத நேரத்தில் அந்த உதவி கிடைக்காமல் மெல்லக் கசியும்.

வண்டி நின்ற உடனே எஞ்சினை அணைக்கக் கூடாது என்பதும் எல்லோரும் சொல்வது. காரணம் சரி: பழுத்துச் சூடான டர்போவுக்குப் போகும் ஆயில் சட்டென்று நின்றால், உள்ளே மாட்டிய ஆயில் வெந்து கரியாகும், ஆயில் வரும் மெல்லிய குழாயும் அடையும். ஆனால் எங்கே காத்திருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். திண்டிவனம் சாலையில் வந்து ஊர் நெரிசலில் ஊர்ந்து கோயில் பக்கம் நிறுத்தும்போது டர்போ ஏற்கெனவே தணிந்திருக்கும். செஞ்சியில் நெடுஞ்சாலை ஓரம் டீக்கடையைப் பார்த்ததும் தொண்ணூறிலிருந்து நேராக ஓரங்கட்டும்போதுதான் அந்த ஒரு நிமிடம் தேவை. நம் ஆட்கள் வாசலில் ஐந்து நிமிடம் விடுகிறார்கள், டீக்கடையில் உடனே அணைக்கிறார்கள்.

*

வெளியே ஒழுகுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்துச் செம்மண் தூசி இதற்கு நல்ல சாட்சி. எஞ்சினின் அடியில் எங்கே தூசி கறுத்து ஈரமாக அப்பியிருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே, சற்று முன்னே ஒழுக்கின் வாய் இருக்கும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுவதால் ஈரம் தெரிகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருப்பதில்லை. கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, ஒரு ஓட்டம் போய்வந்து பார்த்தால் தடம் தெளிவாகத் தெரியும்.

இரவு அட்டை விரித்துப் பார்ப்பது பாதிப் பரிசோதனைதான். பிரஷரில் மட்டும் கசியும் இடங்கள் நின்ற வண்டியில் சொட்டாது. பார்க்க வேண்டியவை: ஹெட் கவர் பேக்கிங், கிராங்க் முன்சீல், பின்சீல், ஃபில்டர் உட்காரும் இடம், ஆயில் கூலர், வேக்குவம் பம்ப் சேருமிடம், டர்போவுக்கு ஆயில் வரும் குழாயின் செம்பு வாஷர், திரும்பும் குழாயின் இணைப்பு. ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்குவம் பம்ப் உள்ள பழைய எஞ்சின்களில் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும். செக் வால்வும் கெட்டிருந்தால் பிரேக் பூஸ்டருக்குள்ளும் போகலாம். தரையிலும் இருக்காது, புகையிலும் இருக்காது. ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவில் பழுப்பாக ஆடை மிதந்தால் ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

*

புகை.

நீலம் ஆயில், கறுப்பு டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறை, வெள்ளை எரியாத டீசல் அல்லது தண்ணீர். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலை ஸ்டார்ட்டில் கண் எரியும் வெளிர்ப் புகை பல சமயம் ஹீட்டர் பிளக், நாசில் கோளாறு. ஆயில் புகைக்குக் கண் எரிவது குறைவு. கருகிய நெடி அதிகம். மோந்து பழக வேண்டும்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி இறங்கும் சாலை இந்த மாவட்டத்து வண்டிகளுக்கு நல்ல பரிசோதனைக் களம். இறக்கத்தில் கியரிலேயே கால் எடுத்து இறங்கி, கீழே வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவர் புகையைப் பார்த்துச் சொல்லலாம். பெட்ரோல் வண்டியில் அந்த நேரத்தில் குபுக்கென்று நீலப் புகை வந்தால் வால்வு ஆயில் சீல் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். டீசலில் அப்படிச் சொல்ல முடியாது. பழைய டீசலில் காற்றை அடைக்கும் திராட்டில் தகடு கிடையாது. அதனால் கால் எடுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் பெரிய உறிஞ்சல் உண்டாகாது. வால்வு கைடு வழியாக ஆயில் இழுபடுவதும் குறைவு. பெட்ரோல் எஞ்சினில் பழகிய மெக்கானிக்குகள் டீசல் ஹெட்டை இறக்கி வால்வு சீல் மாற்றி, ஆயில் குறைவது நிற்காமல் திகைப்பது இதனால்தான்.

சுமையில் ஏற ஏற விடாமல் நீலமாக வந்தால் ரிங் பக்கம் யோசிக்கலாம். நெடுநேரம் ஐடிலில் நின்று, பிறகு மிதிக்கும்போது மேகமாக வந்து ஓடினதும் தெளிந்தால் டர்போ பக்கம். புகையே இல்லை என்பதால் எரியவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சைலன்ஸரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி ஓரளவு ஆயிலைக் கண்ணுக்குத் தெரியாமலே எரித்துவிடும்.

*

இனி எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம்.

எந்த எஞ்சினிலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும். பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அந்த வாயு சேம்பரில் சேர்ந்து அழுத்தமாகிவிடாமல் வெளியேற்றத்தான் ப்ரீதர். அதன் வழியில் ஒரு பிரிப்பான் இருக்கும். ஆயில் துளிகளைப் பிடித்துக் கீழே விட்டு, வாயுவை மட்டும் டர்போவுக்கு முன்னால் காற்றுக் குழாயில் சேர்க்கும். இந்தப் பிரிப்பான் வருஷக்கணக்கில் கரியும் பிசினுமாக அடையும். சர்வீஸ் பட்டியலில் பெரும்பாலும் அதன் பெயரே இருக்காது.

அடைந்தால் என்ன ஆகும்? சேம்பரில் அழுத்தம் ஏறும். டர்போவுக்கு ஆயில் பிரஷரோடு போகிறது. திரும்பி வருவதோ வெறும் சரிவை நம்பி. நுரைத்த ஆயில், அகலமான குழாய், கீழ்நோக்கிய ஓட்டம், அவ்வளவுதான் அங்கே ஏற்பாடு. கீழே அழுத்தம் இருந்தால் ஆயில் இறங்க மாட்டாமல் டர்போவின் நடுக்கூட்டில் தேங்கி, இரண்டு முனையிலும் வழியும். ஒரு பக்கம் காற்றோடு எஞ்சினுக்கு, மறுபக்கம் சைலன்ஸருக்கு. குழாயைக் கழற்றிப் பார்க்கிற யாருக்கும் டர்போதான் குற்றவாளி. புதுசு போடுவார்கள். சில நாளில் புதுசும் வழியும். "டூப்ளிகேட் டர்போ" என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். உண்மையான காரணம் ஒரு மூடிக்குள் அடைந்து கிடக்கும்.

பார்க்கும் முறை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக வாயின் மேல் வைக்க வேண்டும். டீசலில் மூடி லேசாக ஆடுவது சகஜம். தூக்கி எறிந்தால் அழுத்தம் அதிகம். சரி, அதிகம், யார் காரணம், ரிங்கா பிரிப்பானா? பிரிப்பானைத் தவிர்த்து, சேம்பர் வாயுவை நேராகக் காற்றில் விட்டுப் பார்க்க வேண்டும். அப்போது வருவது மெல்லிய மூச்சு, மூடியின் ஆட்டமும் அடங்கிவிட்டது என்றால் அடைப்புதான். திறந்துவிட்ட பிறகும் தாளத்தோடு புகை தள்ளிக்கொண்டே இருந்தால் ரிங் பக்கம் போக வேண்டும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மேனோமீட்டர். அது இல்லாத பட்டறையிலும், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போல ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் பலகையில் கட்டி, தண்ணீர் விட்டு, ஒரு முனையை ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் பொருத்தினால் போதும். நல்ல எஞ்சினில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், அல்லது எஞ்சின் பக்கம் கொஞ்சம் உறிஞ்சிய நிலையில் நிற்கும். ஆர்.பி.எம். ஏற ஏற வெளிப்பக்கத் தண்ணீர் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஏறினால் சந்தேகமே வேண்டாம். இந்தக் குழாய்க்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. டர்போவைக் கழற்றும் முன் இதைச் செய்யாத பட்டறையில் நான் வண்டியை விடமாட்டேன்.

*

ஏர் ஃபில்டர். அடைந்த ஃபில்டர் டர்போவின் வாயில் உறிஞ்சலைக் கூட்டும். அந்த உறிஞ்சல் ப்ரீதரிலிருந்தும் டர்போ சீலிலிருந்தும் ஆயிலை இழுக்கும். அடைப்பைவிட மோசம் ஓட்டை. பஞ்சர் கடைக் காற்றை அருகில் வைத்து அடித்துத் தாளைக் கிழித்துவிட்டு அதையே திரும்பப் போடுவது, பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து வாய் பிளந்திருப்பது, இவற்றின் வழியாகப் போகும் தூசி டர்போவின் விசிறி இதழையும் ரிங்கையும் போரையும் சேர்த்துத் தேய்க்கும். ரிங் தேய்ந்திருக்கிறது என்று எஞ்சினை இறக்கி வேலை செய்து, அந்தக் கிளிப்பை அப்படியே விட்டால் செய்த வேலை சீக்கிரமே வீண். ஃபில்டருக்குப் பின்னால் வரும் குழாயின் உட்பக்கம் விரலால் தடவினால் மண் ஒட்டுகிறதா பார்க்க வேண்டும்.

*

டர்போவுக்கு வருவோம். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து. காரில் டர்போ டீசல் வந்தது 1978-இல், மெர்சிடஸ் 300 எஸ்டியில். நம் பக்கத்தில் சென்னையின் டர்போ எனர்ஜி 1982-இல் தொடங்கியது. இவ்வளவு பழகிய பொருளைச் சுற்றி இன்னும் பயமும் வதந்தியும் நிறைய.

சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அது உலோகத்தில் உட்காருவதில்லை. ஆயில் படலத்தில் மிதக்கிறது. அதன் சீல் ரப்பர் அல்ல, சின்ன பிஸ்டன் ரிங் மாதிரி உலோக வளையம். எனவே எஞ்சின் நின்றிருக்கும்போது தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்து "ப்ளே இருக்கு, போச்சு" என்று சொல்வது பொய்த் தீர்ப்பு. உள்ளே வெளியே இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கிறதா, இதழ் கூட்டில் உரசிய தழும்பு இருக்கிறதா என்பவைதான் பார்க்க வேண்டியவை. காற்றுக் குழாயில் ஆயில் பூச்சு இருப்பதும் குற்றமில்லை. ப்ரீதர் ஆயில் அந்த வழியாகத்தான் போகிறது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் டம்ளர் கணக்கில் கொட்டுவது வேறு விஷயம்.

டர்போவா எஞ்சினா என்று பிரித்துக் காட்டும் இடம் எக்ஸாஸ்ட் பக்கம். மேனிஃபோல்டைக் கழற்றி, ஹெட்டிலிருந்து வரும் துளைகளையும் டர்போவைத் தாண்டிய வாயையும் ஒப்பிட வேண்டும். ஒரு துளை மட்டும் ஈரம் என்றால் அந்தச் சிலிண்டர். எல்லாத் துளையும் காய்ந்த சாம்பல், டர்போவுக்கு அப்பால் மட்டும் ஆயில் ஈரம் என்றால் டர்போ. எல்லாமே ஈரம் என்றால் கூடுதல் வேலை: ஆயில் காற்றோடு மேலேயிருந்து வருகிறதா, ரிங் வழியாகக் கீழேயிருந்து ஏறுகிறதா என்று இன்டேக் பக்கமும் திறக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. சில சமயம் துருப்பிடித்த போல்ட் முறிந்து ஒரு நாள் வேலை. ஆனாலும் ஊகத்தில் டர்போ வாங்குவதைவிட மலிவு.

டர்போதான் என்று உறுதியானால்: ஆயில் வரும் குழாயைப் புதுசாகப் போட வேண்டும், திரும்பும் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இணைப்புகளில் சிலிக்கான் பேஸ்ட் கூடவே கூடாது. பிதுங்கிய துணுக்கு ஆயில் துளையை அடைத்தால் புது டர்போ அன்றைக்கே போகும். நடுக்கூட்டில் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆகவிடாமல் செல்ஃப் அடித்துப் பிரஷர் வரவழைத்து, அப்புறம்தான் ஸ்டார்ட். இன்டர்கூலரில் தேங்கிய பழைய ஆயிலை வடிக்க மறக்கக் கூடாது.

*

மறந்தால் நடக்கக் கூடியது: எஞ்சின் தானாக ஓடும். காற்றோடு வரும் ஆயிலையே டீசல் எஞ்சின் எரிபொருளாக எடுத்துக்கொண்டு வெறி பிடித்தாற்போல் சுற்றும். சாவியைத் திருப்பினால் நிற்காது. சாவி நிறுத்துவது டீசலை மட்டும். கியர் வண்டி என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு, கிளட்சைச் சட்டென்று விட்டுத் திணறவைத்து நிறுத்த வேண்டும். பானெட் திறந்திருந்தால் காற்று வரும் வாயைப் பலகையால் அடைக்கலாம். கையாலோ துணியாலோ அடைக்கவே கூடாது, இழுத்துக்கொள்ளும். இரண்டும் முடியாவிட்டால் விலகி நிற்க வேண்டும், எஞ்சின் போனாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பட்டறைப் பையனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியது இது.

*

ரிங். கம்ப்ரஷன் பார்த்தோம், நன்றாக இருக்கிறது, எனவே ரிங் பழுதில்லை என்பார்கள். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள். ஆயிலை வழிப்பது கீழே உள்ள ஆயில் ரிங். அது கரியில் இறுகி அசையாமல் கிடந்தாலும் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும். எதிர்ப்பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் ஏறுகிறதா என்று பார்ப்பது பெட்ரோலுக்குச் சரி. டீசலின் எரி அறை மிகச் சின்னது. விட்ட ஆயிலே இடத்தை அடைத்து அளவை ஏற்றிக் காட்டும்.

நம்பத் தகுந்தது காற்றுச் சோதனை. பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில், ஹீட்டர் பிளக் துளை வழியாகக் காற்றடித்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆயில் மூடியில் சீறினால் ரிங், காற்றுக் குழாயில் என்றால் இன்டேக் வால்வு, சைலன்ஸரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி என்றால் ஹெட் கேஸ்கட். பேக் கம்ப்ரஷன் எப்போதும் ரிங்கால் மட்டும் வருவதில்லை. வேக்குவம் பம்ப் தேய்ந்து இழுக்கும் காற்றும் சேம்பரில்தான் விழும். டொயோட்டாவின் கேடி வகை எஞ்சின்களில் நாசில் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்து, எரிந்த வாயு ஹெட் கவருக்குள் புகுந்து, கரி சேம்பருக்கு இறங்கி ஆயில் உறிஞ்சும் வலையை அடைப்பது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். மலிவான வாஷர், முழு எஞ்சின் சேதம்.

போரிங் போடும் முன் போரை கேஜ் வைத்து மூன்று மட்டத்தில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். தேய்மானம் எல்லைக்குள் இருந்து மழமழப்பு மட்டும் என்றால் ஹோனிங்கும் புது ரிங்கும் போதும். சென்னை செம்பியத்தில் 1949 முதல் பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் இருக்கும் மாநிலத்தில் நல்ல பொருளுக்குப் பஞ்சமில்லை. அளக்கும் பொறுமைதான் குறைவு.

*

மட்டம் குறையவே இல்லை என்றும் மகிழக் கூடாது. நாசில் ஒழுகி டீசல் ஆயிலில் கலந்தால், எரியும் ஆயிலின் இடத்தை டீசல் நிரப்பிக்கொண்டிருக்கும். ஸ்டிக் பார்க்க முழுசு. உள்ளே இருப்பது தண்ணீர் மாதிரி ஓடும் கலவை. ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தால், கறுப்பு வட்டத்தைத் தாண்டி வெளிர் வளையம் அகலமாகப் பரவும். மட்டம் ஏறுகிறது என்றால் அந்த வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

*

கனமான ஆயில் ஊற்றினால் குறைவது நிற்கும் என்று 20டபிள்யூ50 ஊற்றுகிறார்கள். கொஞ்ச நாள் குறையும். ஆனால் 5டபிள்யூ30 கேட்கும் எஞ்சினில் காலை ஸ்டார்ட்டில் அது டர்போவுக்கும் செயின் டென்ஷனருக்கும் தாமதமாகப் போய்ச் சேரும். கையேட்டில் அனுமதித்த எல்லைக்குள் ஒரு படி ஏறலாம், அவ்வளவே. ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பது அதைவிட நல்ல மருந்து. மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்காகாது. மீட்டர் நகராமலே ஆயில் கிழடு தட்டும்.

*

டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை போட்டது. தமிழ்நாட்டில் அப்படியில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து, மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. எனவே இருக்கிற பழைய டீசல்கள் இங்கே இன்னும் பல வருஷம் ஓடத்தான் போகின்றன. மலையைச் சுற்றி லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கும் ஊரில், நீலப் புகையை அவர்கள் முகத்தில் விடாமல் ஓட்டுவது நம் பொறுப்பு. பழுதுபார்ப்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வருவதற்கு இதுவும் காரணம்.

*

கடைசியாகப் பார்த்த வண்டி. தெரிந்த பையன் ஒருவன் ஓட்டுவது. பட்டறையில் டர்போ மாற்றச் சொல்லிவிட்டார்கள். முன்பணம் கொடுக்கக் கிளம்பியவனை நிறுத்தி அளக்கச் சொன்னேன். ஆயிரத்துக்கு முக்கால் லிட்டர் வந்தது. மூடி ஆடியது, தண்ணீர்க் குழாயில் மட்டம் ஏறியது, பிரிப்பானைத் தவிர்த்ததும் இறங்கியது, ஆனால் முழுதாக இல்லை. பிரிப்பானைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி. அதை மாற்றி, ஏர் ஃபில்டரையும் மாற்றி, இன்டர்கூலரை வடித்துப் போட்டோம். அடுத்த கணக்கு முப்பது மில்லி இப்படி அப்படியாகக் கால் லிட்டர்.

"அண்ணா, இந்த மீதியும் நிக்காதா?" என்று கேட்டான்.

"அது ரிங் பக்கம்பா. இப்போதைக்குத் தொடாதே. ஐடிலில் விடாதே, ஏழாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்து, எழுதிக்கிட்டே வா. நானூறைத் தாண்டினா சொல்லு, காத்தடிச்சுப் பாக்கலாம்."

டர்போ பழையதே ஓடுகிறது. ட்ரிப் ஷீட் ஓரத்தில் கணக்கு எழுதுகிறான். இப்போது அவன் ஸ்டாண்டில் இன்னும் இரண்டு பேர் எழுதுகிறார்கள். அதில் ஒருவருடைய வண்டி எங்கேயும் எரிக்கவில்லை, ஃபில்டர் உட்காரும் இடத்தில் கசிகிறது. அந்த ரப்பர் வளையம் அடுத்த ஆயில் மாற்றும்போது.